மோந்து பார்க்காத பாட்டில்

எந்தப் பொருள் எத்தனை டிகிரி சூட்டில் தீப்பிடிக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்ட பெண்வீட்டார், பதில் கிடைத்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் தொழில்களில் இதுவும் ஒன்று. என் மாமனார் இன்னமும் என்னைச் சமையலறைப் பக்கம் தனியாக விடுவதில்லை.

ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு விருப்ப ஓய்வு கிடைத்தது. யாருடைய விருப்பம் என்பதை நிர்வாகம் கடைசிவரை தெளிவுபடுத்தவில்லை. போகிற போக்கில் இளையவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். நாலு வார்த்தையில் நிறுத்தும் ஆளாக இருந்தால் விருப்ப ஓய்வு வரை போயிருக்காது.

கருவியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உங்களிடம் இருப்பது தானியங்கி. பொத்தானை அழுத்தினால் தானே சூடேற்றி, தானே நெருப்புக் காட்டி, தானே கீச்சென்று கத்தும். கையால் செய்ததுதான் உசத்தி என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்காதீர்கள். என் இடது புருவத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கவே மாட்டார்கள். நான் சொல்ல வந்தது, கருவி ஒரு எண்ணைச் சொன்ன பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றி.

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்; இதைப் படிக்கும் கணக்குப் பிரிவு நண்பர்களுக்காக. எண்ணெய் எரிவதில்லை. எண்ணெயிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. மூடிய கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி மெல்லச் சூடாக்கி, ஒவ்வொரு டிகிரிக்கும் மூடியின் சிறு கதவைத் திறந்து ஒரு குட்டிச் சுடரைக் காட்டுவோம். எந்தச் சூட்டில் ஆவி முதல்முறையாகப் பளிச்சென்று பற்றி அணைகிறதோ, அதுதான் ஃபிளாஷ் பாயின்ட். அதற்குக் கீழே அந்த எண்ணெய் சாது. அதற்கு மேலே அது ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும் ஆசாமி.

சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தைல ஆலைக்கு மூன்றாவது முறையாகப் போனேன். ஆலை என்றதும் புகைபோக்கிகளை நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, விறகில் எரியும் கொதிகலன், எலுமிச்சைப் புல்லை ஆவியில் வேகவைத்துத் தைலம் இறக்கும் ஒரு பெரிய பாத்திரம், தள்ளி ஒரு அலுவலக அறை. பக்கத்து ஊர் விவசாயிகள் சேர்ந்து நடத்துவது. மேனேஜர் செல்வராசு முன்பு ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். தைலம் இறக்குவதைக் கவனிப்பவர் மல்லிகா. முதல் நாளே தன் மூக்கைக் காட்டி, "இது நம்ம மிசினுங்க சார்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர்.

கீழே ஒரு சோப்புக் கம்பெனி முதல்முறையாக அவர்களிடம் தைலம் கேட்டிருந்தது. பாதுகாப்பு அறிக்கை வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஃபிளாஷ் பாயின்ட் அறுபதுக்கு மேல் இருந்தால் அது சாதாரணச் சரக்கு, எந்த வண்டியிலும் போகலாம். அறுபதும் அதற்குக் கீழும் என்றால் தீப்பற்றும் சரக்கு. தனி வண்டி, தனிப் பொதிவு, கூட ஆள் ஏறக் கூடாது.

நான் போய் இறங்கியபோது நாலு இரும்பு டிரம்களும் ஏற்கெனவே பெருமாளின் ஷேர் ஜீப்பில் ஏறியிருந்தன. அந்தப் பக்கத்து ஷேர் ஜீப்பில் சரக்கு, பயணி என்று இரண்டு இனம் கிடையாது. பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், நடுவே டிரம்கள், டிரம்களைச் சுற்றி சேலத்துக்குப் போகும் பத்துப் பன்னிரண்டு பேர். கொய்யாக் கூடையோடு இரண்டு பெண்கள். கல்யாணமாகி முதல்முறையாகப் பெண் வீட்டுக்கு விருந்துக்குப் போகும் ஒரு ஜோடி. புது மாப்பிள்ளை இடமில்லாமல் ஒரு டிரம்மின் மீதே உட்கார்ந்திருந்தார், சிம்மாசனத்தில் உட்காரும் தோரணையில்.

"சோதனை இன்னும் நடக்கவே இல்லையே, அதற்குள் ஏற்றிவிட்டீர்களா?" என்றேன்.

"போன ரெண்டு தடவையும் எழுபத்தொண்ணு, எழுபத்திரெண்டுன்னு நீங்கதானுங்க சார் குடுத்தீங்க" என்றார் செல்வராசு. "அதே புல்லு, அதே பானை. புதுசா என்னத்தச் சொல்லிடப் போறீங்க? வாங்க, டீ சாப்புடுங்க."

சொல்லப்போனால் எனக்கும் அதே எண்ணம்தான். டீயும் நன்றாக இருந்தது.

இப்போது ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசனைத் தைலத் தொழிலில் இருப்பவர்கள் பாட்டிலைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார்கள். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். பிறகு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி நிறம் பார்ப்பார்கள். கையால் விசிறி மறுபடி மோப்பார்கள். பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றிவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பார்கள். அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கோயில் தீபாராதனைத் தட்டு மாதிரி அது எல்லாரிடமும் போய்வர வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் மனத்தாங்கல். நான் போவதற்குள் என் சோதனைக்கென்று டிரம்மிலிருந்து எடுத்த பாட்டில் மேனேஜர், மல்லிகா, கொதிகலன் ஆள், காவல்காரர் என்று சுற்றி முடித்து, டீ கொண்டுவந்த அம்மாவின் கையில் இருந்தது. "நல்லாத்தான் இருக்குதுங்க" என்று அவரும் சான்றிதழ் வழங்கிவிட்டார்.

அலுவலக அறையின் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் கம்பளி திணித்து, மஞ்சும் (மலையில் மூடுபனிக்கு அதுதான் பெயர்) காற்றும் உள்ளே வராமல் செய்து ஆரம்பித்தேன். எழுபது வரப்போகிற எண்ணெயை ஐம்பதிலிருந்து சோதித்தாலே போதும். நான் அறையின் குளிரிலிருந்தே சுடர் காட்ட ஆரம்பித்தேன். இதைத் தொலைநோக்கு என்று நீங்கள் பாராட்டும் முன் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த அறையில் குளிர் நடுக்கியது, சும்மா நிற்பதைவிடக் கையசைத்துக்கொண்டிருப்பது இதமாக இருந்தது.

முப்பதைத் தாண்டியபோது அது நடந்தது. கதவைத் திறந்து சுடரைக் காட்டியதும், சுடரைச் சுற்றி மங்கலாக ஒரு நீல வளையம். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்குமே, அதுபோல. பற்றவில்லை, பளிச்சிடவில்லை; வளையம் மட்டும். அடுத்த சில டிகிரிகளுக்கு இருந்தது, பிறகு மறைந்தது. வளையம் வேறு, ஃபிளாஷ் வேறு. வளையத்தைக் கணக்கில் சேர்க்காதே என்பது விதி. நானும் சேர்க்கவில்லை. அறுபத்தொன்றில் கிண்ணம் பளிச்சென்று பற்றி அணைந்தது.

மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் எண்ணெய் கொஞ்சம் முன்னாடியே பற்றிவிடும். கடல்மட்டக் கணக்குக்குக் கொண்டுவர ஏற்காட்டு உயரத்துக்கு நாலு டிகிரி கூட்ட வேண்டும். ஆக அறுபத்தைந்து. பாஸ்.

"ஹேய்!" என்றார் செல்வராசு. உடனே ஃபோனில் சோப்புக் கம்பெனிக்கு வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பித்துவிட்டார். வெளியே பெருமாள் ஹாரன் அடித்தான். கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

நான் பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். மறுபடி மாட்டினேன்.

எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, இப்போது அறுபத்தைந்து. புல் மாறினால் எண் மாறலாம்தான். வளையமும் சுடருக்கான கேஸின் அழுத்தத்தால் வந்திருக்கலாம். காற்று புகுந்திருக்கலாம். என் கண்ணுக்கு வயதாகியிருக்கலாம். மூன்றுமே நல்ல காரணங்கள். மூன்றிலும் எனக்கு வேலை மிச்சம். நண்பர்களே, நமக்கு வேலை மிச்சமாகிற காரணம் மூன்று வரிசையாக வந்து நின்றால், அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள்.

உட்கார்ந்தேன். எதிரே ஜன்னல் திட்டில் அந்த வெள்ளைப் பீங்கான் தட்டு. அதில் மிச்சமிருந்த தைலத்தை மல்லிகா விசிறி விசிறி மோந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, பாட்டிலில் இருந்த முழுத் தைலமும் தட்டுக்குப் போய்த்தான் திரும்பி வந்ததா?"

"ஆமாங்க சார். ஆளாளுக்கு ஊத்திப் பாத்தாங்க. எப்பவும் அப்படித்தானுங்களே."

எப்பவும் அப்படித்தான். ஆனால் எண்ணெயில் சட்டென்று ஆவியாகும் ஏதாவது கலந்திருந்தால், முதலில் கிளம்பிப் போவது அதுதான். ஐந்து பேர் தட்டில் ஊற்றி விசிறி வழியனுப்பிவைத்த பிறகு மிச்சமிருந்ததைத்தான் நான் சோதித்திருக்கிறேன். டிரம்முக்குள் இருப்பதை யாரும் விசிறவில்லை. அது முழுசாக உள்ளே இருக்கிறது. அதன் மேல் புது மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னொரு சாம்பிள் வேண்டும்" என்றேன். "டிரம்மிலிருந்து நேராக. யாரும் மோந்து பார்க்காத பாட்டில்."

செல்வராசு வாய்ஸ் மெசேஜைப் பாதியில் நிறுத்தினார். "அதான் நம்பர் வந்துருச்சில்லீங்க?"

"வந்தது. எனக்கு அது மேல் நம்பிக்கை வரவில்லை."

"சார், பாஸான பையன மறுபடி பரிச்ச எழுதச் சொல்ற வாத்தியார இப்பத்தானுங்க பாக்கறேன்." குரலில் கேலி இருந்தாலும் முகத்தில் சிரிப்பில்லை. "மொதோ ஆர்டருங்க. நாளைக்குக் காலைல லோடு போய்ச் சேரலைன்னா அவிங்க வேற எடம் பாத்துக்குவாங்க. இத்தன குடும்பம் இத நம்பிப் புல்லு போட்டிருக்குதுங்க."

அது உண்மை. ஆனாலும் நேராக ஜீப்புக்குப் போனேன்.

"எல்லாரும் கொஞ்சம் இறங்குங்கள்."

யாரும் அசையவில்லை. ஷேர் ஜீப்பில் பிடித்த இடத்தை விட்டு இறங்கச் சொல்பவன் எந்தச் சாதனத்தோடு வந்தாலும் மதிக்கப்படமாட்டான்.

"ஏனுங்க சார்," என்றான் பெருமாள், "பஸ்ஸு போயி நொம்ப நேரமாச்சு. இவிங்கெல்லாம் என்னய நம்பி உக்காந்திருக்காங்க. டிரம்மு கெடக்குது ஒரு ஓரத்துல, அது பாட்டுக்கு வருது. குளு குளுன்னு இருக்கற ஊர்ல எதுங்க பத்திக்கும்?"

"இங்கே பற்றாது பெருமாள். ஜீப் இங்கேயே நிற்கப் போகிறதா?"

அவன் யோசித்தான். ஒவ்வொரு வளைவிலும் இறங்க இறங்கச் சூடு ஏறிக்கொண்டே போவது அவனுக்குத் தெரியாததா? மேலே ஸ்வெட்டரோடு கிளம்பி அடிவாரத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறவன்.

"ஒரு டீ குடிக்கற நேரம்" என்றான். "அதுக்குள்ள முடிங்க."

எனக்கு வேண்டியிருந்தது ஒரு டீ நேரமல்ல, ஒரு பிரியாணி நேரம். இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையை அரியணையிலிருந்து இறக்கி, மல்லிகா அவர் உட்கார்ந்திருந்த டிரம்மின் மூடியைத் திறந்து, குழாய் விட்டு, பாட்டிலை நிரப்பி, உடனே இறுக மூடினார். ஒரு நொடி. பாட்டில் மூக்கருகே போயிற்று, பழக்கதோஷம். சட்டென்று கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டார், அழுகிற குழந்தையை அடுத்தவரிடம் கொடுப்பதுபோல.

பாட்டிலைக் குளிர வைக்க வேண்டும். இந்த அறைச் சூட்டில் திறந்தாலும் ஆவி பறந்து மறுபடியும் அதே கதை. பக்கத்து ஊட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்றார் செல்வராசு. தீப்பற்றுமா என்று சந்தேகிக்கிற பொருளை, உள்ளே சின்னச் சின்ன மின்பொறி விடும் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு நான் இன்னும் அவ்வளவு வாழ்க்கையை வெறுக்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் மட்டும் வந்தது. வாளித் தண்ணீரில் ஐஸைப் போட்டு பாட்டிலை நடுவில் நிறுத்தினோம்.

வாளியைச் சுற்றி மல்லிகாவின் காவல். காவல்காரர் வந்தார், மோந்து பார்க்கக் கை நீட்டினார்.

"கைய எடுங்க!"

"ஏங்கண்ணு, ஒரே ஒருக்கா..."

"மூடியத் தொறந்தா சாமி கண்ணக் குத்திரும். அக்கட்டால போங்க."

அடுத்து செல்வராசுவே வந்தார். மேனேஜர் என்ற முறையில் தனக்கு விதிவிலக்கு உண்டு என்பது அவர் நடையில் தெரிந்தது.

"ஏம் மல்லிகா, நான் பாக்கலாமில்ல?"

"உங்க மூக்குக்கும் அதே சட்டந்தானுங்க மேனேஜரு."

கிண்ணத்தையும் குளிரவைத்து, பாட்டிலைத் திறந்த கையோடு ஊற்றி மூடினேன். மேனேஜர் ஒரு பக்கம், மல்லிகா ஒரு பக்கம், டீ முடிந்துவிட்டதைச் சொல்ல வந்த பெருமாள் வாசலில். விளக்கை அணைத்தேன். பதினைந்து டிகிரியில் சுடர் காட்டினேன். ஒன்றுமில்லை. பதினாறு. பதினேழு. ஒன்றுமில்லை. இருபதைத் தாண்டியது. ஒன்றுமில்லை. செல்வராசு தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் ஒரு முழுப் புகார்க் கடிதம் இருந்தது. நான் தோற்றால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்திருந்தேன். "அறிவியல் என்பது..." என்று தொடங்கும் ஏதோ ஒன்று.

இருபத்தாறு.

பப்!

கிண்ணத்தின் வாய் முழுக்க ஒரு நீலப் பளிச்சல். சோதனைச் சுடரையும் சேர்த்து ஊதி அணைத்துவிட்டுப் போயிற்று.

என் பணிக்காலத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. ஒருமுறை கேடயம்கூட வாங்கியிருக்கிறேன். பெயரில் ஒரு எழுத்து தப்பு. அந்தப் 'பப்'புக்கு ஈடாக எதுவும் இல்லை.

"இப்ப... என்னாச்சுங்க?" என்றார் செல்வராசு.

"அறுபத்தைந்து இல்லை என்று ஆச்சு."

விதிப்படி புதுச் சாம்பிளில் மறுபடி செய்ய வேண்டும். செய்தேன். அதற்குள் செய்தி ஜீப்புக்கு எட்டிவிட்டது. இறங்கமாட்டோம் என்று அடம்பிடித்தவர்கள் கூடையோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். மீண்டும் இருபத்தாறு, மீண்டும் பப்! ஒரு பெண் கைதட்டினார். புது மாப்பிள்ளை மட்டும் தட்டவில்லை. அவர் குனிந்து தன் வேட்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வராசு எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்ல. "அந்த நாலு டிகிரி கூட்டுவீங்களே, அதையும் கூட்டுனா முப்பதுங்களே சார்?"

"அது கடற்கரைக் கணக்கு. காகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம். ஜீப்பில் வழியெல்லாம் மலைக் காற்று. முப்பதே ஆனாலும், அடிவாரத்தில் இன்றைக்கு அதைவிடச் சூடு."

அப்போதுதான் அவர் தானாகவே சொன்னார். டிரம்கள் புதுசு இல்லை. சேலத்தில் பழைய டிரம் விற்கும் ஒருவரிடம் வாங்கியது. பிசுக்குப் போக அந்த ஆள் பெட்ரோல் ஊற்றிக் கழுவிக் கொடுத்திருக்கிறார்.

"காய வெச்சுத்தானுங்க ஊத்துனோம். ரெண்டு நா வெயில்ல கவுத்து வெச்சிருந்தமே."

"எந்த வெயிலில்?" என்றேன்.

எல்லாரும் கதவு வழியாக வெளியே பார்த்தார்கள். ஜீப்பின் மூக்கு தெரிந்தது. மிச்ச ஜீப் மஞ்சுக்குள் இருந்தது.

"அட, எலுமிச்ச வாசந்தானுங்க தூக்கலா இருந்துச்சு," என்றார் மல்லிகா மெதுவாக. தன் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதுக்குள்ளாற பெட்ரோலு ஒளிஞ்சிக்கிச்சு."

பெருமாள் திரும்பிப் போனான். ஜீப்பின் பின்கதவைத் திறந்து, மாப்பிள்ளையை ஒரு கை பிடிக்கச் சொல்லி, நாலு டிரம்களையும் அவனே இறக்கினான். கொதிகலன் பக்கம் வைக்கப் போன காவல்காரரை, "யோவ், அங்கயா! ஊரக் கொளுத்தப் பாத்தியே" என்று அதட்டி, தூரத்து மர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போகவைத்தான். நான் ஒரு உத்தரவும் போட வேண்டியிருக்கவில்லை. ஃபிளாஷ் பாயின்ட் என்றால் என்ன என்று நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட மாணவனைப் பார்த்ததில்லை.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. டிரம்முக்குப் போகாமல் ஆலையின் ஸ்டீல் தொட்டியில் இருந்த தைலத்தையும் அப்போதே சோதித்தேன், மோந்து பார்க்காத பாட்டிலில்தான். எழுபத்திரண்டு. செல்வராசு சோப்புக் கம்பெனிக்கு நடந்ததை அப்படியே சொல்லி இரண்டு நாள் கேட்டார். சொல்லாமல் அனுப்பியிருந்தால் எங்கள் குடோனுக்குத்தானே வந்திருக்கும் என்று எதிர்முனையில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு சரி என்றார்கள். தொட்டித் தைலம் புது டிரம்களில், ஆளில்லாத சரக்கு வண்டியில் போயிற்று. கெட்டுப்போன நாலையும் முறையாக அழிக்க வேறு ஆள் வந்து எடுத்துப்போகும்வரை, அந்த மர நிழலைச் சுற்றி மல்லிகா கயிறு கட்டி வைத்திருந்தார்.

அன்று நானும் அதே ஜீப்பில்தான் இறங்கினேன். டிரம் இருந்த இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். மடியில் என் கருவி. கூடைக்காரப் பெண்கள் எனக்குக் கொய்யா கொடுத்தார்கள். வளைவுக்கு வளைவு மஞ்சு விலகியது, காது அடைத்துத் திறந்தது, சூடு உள்ளே வந்தது. புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்காகப் போட்டிருந்த கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். மணப்பெண் முந்தானையால் விசிறிக்கொண்டார்.

அடிவாரத்தில் பெருமாள் வண்டியை ஓரங்கட்டினான். எல்லோரும் இறங்கிக் கைகாலை நீட்டினார்கள். நான் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, டிரம் நின்றிருந்த தரைத் தகட்டில் வைத்தேன். முப்பத்தெட்டு.

பெருமாள் எட்டிப் பார்த்தான். எண்ணைப் படித்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு பின்கதவில் சாய்ந்துகொண்டு, தினமும் அந்த இடத்தில் செய்கிறபடியே, காதில் செருகியிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தான்.

கிழித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கை அப்படியே நின்றது. குச்சி எரிந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் ஜீப்புக்குள் இரண்டு கொய்யாக் கூடைகளும் ஒரு மடித்த கோட்டும் தவிர ஒன்றும் இல்லை.

"பத்த வைக்கலாமுங்களா சார்?" என்றான்.

"தாராளமாக" என்றேன்.

நின்று நிதானமாகப் புகைத்தான். பீடி முழுவதும் எரிந்து தீர்ந்தது. அன்றைக்கு அந்த ஜீப்பில் எரிந்தது அது ஒன்றுதான்.